காத்தைப் பார்த்துட்டு அப்புறம் டயரை மாத்துங்க

கேள்வி: வணக்கம்ங்கண்ணா. நாகலூர் பக்கம் எங்களுக்கு காப்பித் தோட்டம் இருக்குதுங்க. மூட்டை எடுக்க, மருந்து டேங்க் கொண்டு போக ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி (காடு மேட்டுல ஓட்டற நாலு சக்கர வண்டி) வெச்சிருக்கோம். போன மாசம் சேலத்துல சர்வீஸ் விட்டு டெம்போல ஏத்திக்கிட்டு வந்தோம், வந்ததுல இருந்து மழை பெஞ்சா ஏத்தத்துல சக்கரம் சும்மா சுத்துது. கடையில சேத்துக்குன்னே இருக்கற மட் டயர் போட்டுருங்கன்னு சொல்றாங்க. போடலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. சர்வீஸுக்கு முன்னாடி நல்லா ஏறுன வண்டி, வந்ததும் வழுக்குதுன்னா ஒரே மாசத்துல டயர் தேஞ்சிருக்காது, காத்துதான் மாறியிருக்கும். காருக்கு 30, 32ன்னு அடிச்சுப் பழகுன கை ஏடிவிக்கும் 15, 20ன்னு ஏத்தி விட்டுரும், ஆனா இந்த வண்டிக்கு பெரும்பாலும் 5ல இருந்து 7 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு) தான், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு அதுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்லயே போட்டிருக்கும். காத்து கூடுனா டயர் பந்து மாதிரி உருண்டு நடுப்பகுதி மட்டும்தான் மண்ணைத் தொடும், அப்புறம் எந்த டயர் போட்டாலும் வழுக்கத்தான் செய்யும்.

இன்னொரு விஷயம், இது மலையில வண்டி வெச்சிருக்கறவங்க அவசியம் தெரிஞ்சுக்கணும். சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டர். கீழ வாங்குன சிப்ஸ் பாக்கெட் 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி மேல வந்ததும் உப்பிக்கிட்டு நிக்குது பாருங்க, அதேதான் டயர்லயும் நடக்குது. வெளிக்காத்தோட அழுத்தம் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ குறைஞ்சுரும், மலைக் குளிருக்கு உள்ள இருக்கற காத்து கொஞ்சம் சுருங்குனாலும், கீழ சரியா 5 வெச்சது மேல 6ஐத் தாண்டிக் காட்டும். கார்ல 30க்கு மேல ஒண்ணு கூடுனா தெரியவே தெரியாது, 5க்கு மேல ஒண்ணு கூடுனா ஈர மண்ணுல நல்லாவே தெரியும். அதனால காத்தை எஸ்டேட்லயே, காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாருங்க. 10 வரைக்கும் மட்டுமே காட்டற சின்ன கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, கார் கேஜ்ல 5ம் 7ம் ஒரே மாதிரிதான் தெரியும்.

காத்தைச் சரி பண்ணியும் வழுக்குதுன்னா, ஏத்தம் ஏறி நின்னதும் இறங்கி டயரைப் பாருங்க. டயர் மேல துருத்திக்கிட்டு இருக்கற கட்டைக்கு நடுவுல செம்மண் அப்பி விரல் நுழையாம மொழுமொழுன்னு இருந்துச்சுன்னா, கட்டை தள்ளித் தள்ளி இருக்கற டயர் வேணும், அப்பத்தான் சுத்தறப்போ மண்ணைத் தானா உதறும். கட்டை ஓரம் பிஞ்சு, பக்கவாட்டுல கீறல் விழுந்திருந்தா உங்க பிரச்சனை சேறு இல்லீங்க, கல்லு. அதுக்கு 6 பிளை (டயரோட பலத்தைச் சொல்ற அளவு) ஆல் டெரெய்ன், அதாவது எல்லாத் தரைக்கும் ஆகற டயர் பாருங்க. நம்ம சேர்வராயன் மலை எஸ்டேட்டுப் பாதையில முக்கால்வாசி கல்லும் கெட்டி மண்ணும்தான், சேறு அங்கங்கதான், அதனால நான் ஆல் டெரெய்ன்தான் சொல்லுவேன்.

மட் டயரை ஏன் இவ்வளவு தடுக்கறேன்னா, ஒரு இஞ்ச்சுக்கு மேல கட்டை வெச்ச அந்த டயர் சேத்துல பிடிக்கறதே மண்ணைத் தோண்டித் தோண்டித்தான். காப்பிச் செடி தீனி எடுக்கற வேர் பெரும்பாலும் மேலாக்க ஒரு அடி மண்ணுக்குள்ளதான் ஓடுது. செடி ஓரமா ஒரு தடவை சக்கரம் சுத்துனா வேர் அறுந்துரும், தோண்டுன தடத்துல அடுத்த மழைத்தண்ணி இறங்கி பாதையே ஓடையாயிரும். ஐப்பசி கார்த்திகைல நாலு வாரச் சேத்துக்காக வருசம் பூரா தோட்டத்தைக் கெடுத்துக்காதீங்க தம்பி.

மாத்தறதா இருந்தா நாலையும் ஒண்ணா மாத்துங்க. 25×8-12ன்னு போட்டிருந்தா உயரம் 25 இஞ்ச், அகலம் 8, ரிம் 12. ஃபோர் வீல் டிரைவ்ல முன்னாடி பின்னாடி டயர் உயரம் கம்பெனி கொடுத்த கணக்குல இருந்து மாறுனா டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிச்சுக் குடுக்கற பாகம்) ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு கெட்டுப்போயிரும். பெரிய டயர் போட்டா கெத்தா இருக்கும்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, மூட்டையோட ஏத்தம் ஏறறப்போ இஞ்சின் சக்தியை சக்கரத்துக்குக் கொண்டு போற பெல்ட்டு தாங்காது.

கேள்வி: ஓமலூர் பக்கம் மேட்டாங்காடுங்க. சீமைக்கருவேல முள்ளு குத்தி வாராவாரம் பஞ்சர். தார் ரோட்டுலயும் கொஞ்ச தூரம் போகணும். எங்க ஏடிவிக்கு என்ன டயர் சரிப்படும்?
– ஒரு வாசகி

பதில்: 6 பிளை, கட்டை சின்னதா நெருக்கமா இருக்கறது வாங்குங்கம்மா, உள்ள சீலண்ட் ஊத்திருங்க, முள்ளு ஓட்டையை அதுவே அடைச்சுக்கும். டியூப்லெஸ்தான், பஞ்சர் ஓட்டையை அடைக்கற ஸ்ட்ரிப் கிட்டும் சைக்கிள் பம்பும் சீட்டுக்கு அடியில எப்பவும் இருக்கட்டும், 5 பிஎஸ்ஐக்கு அந்தப் பம்பே போதும். தார் ரோட்டுக்கு மட்டும் கொண்டு போகாதீங்க. காட்டுக்குள்ள ஓட்டறதுக்குன்னு விக்கற வண்டிக்கு ரோட்டு ரிஜிஸ்ட்ரேஷன் கிடையாது, அதோட காத்து கம்மியா இருக்கற அகல டயர் தார்ல திரும்பறப்போ சறுக்காம கப்புன்னு பிடிச்சு வண்டியையே குப்புறத் தள்ளிரும். ரோட்டைத் தாண்டித்தான் அடுத்த காட்டுக்குப் போகணும்னா டெம்போல ஏத்திக்கிட்டுப் போங்கம்மா.