அமெரிக்கக் கிண்டர்கார்டன்: முழு நாளா, அரை நாளா?

அமெரிக்காவில் ஒன்றாம் வகுப்புக்கு முன், 5 வயதில் படிக்கும் ஆண்டுதான் கிண்டர்கார்டன். அரை நாள் என்றால் சுமார் 3 மணி நேரம், முழு நாள் என்றால் 6 மணி நேரத்தை ஒட்டி. எது கிடைக்கும் என்பது மாநிலச் சட்டத்தையும் பள்ளி மாவட்டத்தின் (உள்ளூர் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) நிதியையும் பொறுத்தது.

கற்பிக்க வேண்டியது பெரும்பாலும் ஒன்றே, நேரம்தான் வேறு. அதே சாப்பாட்டை 10 நிமிடத்தில் விழுங்குவதற்கும் அரை மணி நேரம் மென்று சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. அரை நாளில் எழுத்தும் கணக்கும் முடிவதற்குள் மணி அடித்துவிடும்; விளையாட்டுக்கு நேரமே மிஞ்சாது. அதனால் எனக்கு முழு நாள்தான் பிடிக்கும். மதியத் தூக்கம் இன்னும் விடாத குழந்தை என்றால் யோசிக்கலாம்.

அப்புறம், அரை நாள் படித்தால் காலத்துக்கும் பின்தங்கிவிடும் என்பது தவறு: முழு நாள் தரும் முன்னிலை 3-ஆம் வகுப்புக்குள் பெரும்பாலும் மங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.