தென்கொரியாவில் ஆசிரியராகச் சேரும் புதியவருக்கு அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

அடுத்த மாதம் கொரியப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தப் போகிறேன், எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிளம்பும் முன்பே கொரிய மொழியின் எழுத்தான ஹங்குலைப் படித்துவிடுங்கள். மன்னர் செஜோங் 1446-இல் வெளியிட்டது. இன்று அடிப்படை எழுத்துகள் 24 தான். உயிரும் மெய்யும் ஒரே கட்டமாகச் சேர்வதால், உயிர்மெய் பழகிய நமக்குச் சட்டென்று பிடிபடும்.

இறங்கிய 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கான பதிவு அட்டை வரும்வரை வங்கிக் கணக்கும் செல்போன் இணைப்பும் இழுத்தடிக்கும். கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது குப்பையில்தான். அந்தந்தப் பகுதி நிர்வாகத்தின் பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, அதில்தான் போட வேண்டும். 1995 முதல் நாடு முழுக்க இதே முறை. உணவுக் கழிவு தனி. ஆனால் முட்டை ஓடும் எலும்பும் உணவுக் கழிவில் சேராது! என் மாடிவீட்டுப் பாட்டி என் வாளியிலிருந்து முட்டை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டித்தான் இதைக் கற்றுக்கொடுத்தார். அந்த அன்பை மறக்க முடியாது.

பள்ளிக்குள் வெளிச்செருப்பு கூடாது. உள்ளே போட ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். சைவமா? கிம்ச்சியில்கூட (காரம் சேர்த்துப் புளிக்கவைத்த காய்கறி) பெரும்பாலும் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். இறைச்சி வேண்டாம் என்றால் "கோகி பே ஜுசெயோ" என்று சொல்லுங்கள். பெரியவர்களிடம் எதையும் இரு கையால் கொடுங்கள், இரு கையால் வாங்குங்கள்.