மூன்று நாளில் வந்த சம்மதம்

வணக்கம் ஐயா,

மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். கூட இருக்கும் உறவினருக்கு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கச் சொல்லிக்கொடுத்தால் படுக்கைப்புண் குறைகிறதா என்று 60 பேரிடம் ஆய்வு செய்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, "இத எழுதிப்போட்டா அடுத்து வர்றவளுக்குப் புண்ணு வராதா தாயி?" என்று கேட்டார். போன வாரம் ஓர் இதழுக்கு அனுப்பினேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கட்டச் சொல்கிறார்கள். ஆய்வுப் பக்கமே வராத மேலதிகாரி தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார். என்ன செய்யட்டும்? கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் கட்டாதீர்கள். காசு கேட்பதாலேயே ஓர் இதழ் போலியாகிவிடாது. எல்லாரும் இலவசமாகப் படிக்கத் திறந்து வைத்திருக்கும் நல்ல இதழ்கள் பலவும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. என்னை உறுத்துவது அந்த மூன்று நாள்தான். துறை தெரிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்டு முடிக்க வாரக்கணக்கில், பல சமயம் மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் கட்டுரையை நானும் படித்தேன். புண்ணைப் பார்த்துக் குறித்தவருக்கு எந்த நோயாளி எந்தக் குழு, உறவினருக்குச் சொல்லிக்கொடுத்த குழுவா சொல்லிக்கொடுக்காத குழுவா, என்று முன்பே தெரியுமா? அது எங்கேயும் இல்லை. முதல் நிலைப் புண் என்பது விரலால் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு, அவ்வளவுதான். நம் ஊர்க் கறுத்த தோலில் அதைக் கண்டுபிடிப்பதே சிரமம். குழு தெரிந்திருந்தால், நம்மை அறியாமலே ஒரு குழுவில் விட்டுவிடுவோம், இன்னொரு குழுவில் குறித்துக்கொள்வோம். நல்ல இதழாக இருந்தால் முதலில் இதைத்தான் கேட்டிருக்கும்.

அங்கே ஒருமுறை வெளியாகிவிட்டால் அப்புறம் வேறு நல்ல இதழ் வாங்காது. ஒரே கட்டுரையை இரண்டு இடத்தில் போடக் கூடாது. இன்றே எழுத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டு, நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் காசு கேட்கலாம், கொடுக்க வேண்டாம். அடுத்த இதழை, இலவசமாகப் படிக்கத் தரும் இதழ்களின் டிஓஏஜே பட்டியலிலும், மருத்துவ இதழ்களின் தொகுப்பான மெட்லைனிலும் தேடிப் பாருங்கள். இணைய முகவரியையும் ஒப்பிடுங்கள், நல்ல இதழின் பெயரைத் திருடி நடத்துகிறவர்களும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் நம்பகமான இதழ்கள் பட்டியலான யுஜிசி கேர் பட்டியலை யாராவது காட்டினால், அது 2025 பிப்ரவரியிலேயே கைவிடப்பட்டது என்று சொல்லுங்கள்.

பெயர் விஷயம். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, கட்டுரையின் ஆசிரியராகப் பெயர் போட நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதில் அல்லது திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், கட்டுரைக்குப் பொறுப்பேற்பது. நான்கும் வேண்டும். வேலை செய்கிற இடத்தில் முகத்துக்கு நேரே மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். யார் என்ன செய்தார்கள் என்று எழுத இதழ் தரும் படிவத்தை அவரிடம் கொடுத்து, "உங்கள் பங்காக இதில் எதை எழுதட்டும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அனுமதி தந்து உதவியிருந்தால் நன்றிப் பகுதியில் அவர் பெயர் தாராளமாக வரலாம்.

அந்தப் பாட்டி கேட்டது உங்கள் பதவி உயர்வைப் பற்றி இல்லை. அடுத்து வருகிறவளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் தேடும்போது இந்தக் கட்டுரை கிடைக்க வேண்டும், கிடைத்தால் நம்பும்படி இருக்க வேண்டும். புண்ணைக் குறித்தது யார் என்று ஒரு பத்தி சேருங்கள். அவருக்குக் குழு தெரிந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஒருமுறை அனுப்பிவையுங்கள், படித்துச் சொல்கிறேன்.