சாத்துக்குடியில் துளை, புழுவோ வேலிக்கொடியில்

"சாத்துக்குடி நிறம் மாறும் சமயத்தில், தோலில் குண்டூசி குத்தியது போல ஓட்டை விழுகிறது. அந்த இடம் அழுகிப் பழம் உதிர்கிறது. வெட்டிப் பார்த்தால் உள்ளே புழு இல்லை. மருந்து அடித்தும் நிற்கவில்லை. என்ன செய்யலாம்?" என்று ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்.

வெட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. பழ ஈயாக இருந்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். உங்கள் தோட்டத்துக்கு வருவது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி, யூடோசிமா இனம். பெரும்பாலான அந்துப்பூச்சிகளின் உறிஞ்சுகுழல் பூந்தேன் குடிக்கத்தான் உதவும். இதன் குழல் நுனி கெட்டியானது, சிறு முட்கள் கொண்டது. சாத்துக்குடித் தோலையே துளைத்துவிடும். அந்தத் துளை வழியாகப் பூஞ்சையும் பாக்டீரியாவும் புகுந்துதான் பழம் அழுகுகிறது.

சந்தேகம் இருந்தால், இருட்டியதும் டார்ச் அடித்துப் பாருங்கள். பூச்சியின் கண்கள் மினுங்கும். முன்னிறகு காய்ந்த இலை நிறம், பின்னிறகு பளிச்சென்ற ஆரஞ்சு. இந்த இனத்தில் பல வகை உண்டு. பின்னிறகின் நடுவில் வட்டக் கரும்புள்ளி இருந்தால் மெட்டர்னா வகை. சிறுநீரக வடிவக் கறுப்புத் திட்டு இருந்தால் ஃபலோனியா வகை.

சரி, மருந்து ஏன் கேட்கவில்லை? பழத்தைக் குத்துவது வளர்ந்த அந்துப்பூச்சி. ராத்திரி பறந்து வந்து, குடித்துவிட்டுப் போய்விடுகிறது. அதன் புழு சாத்துக்குடியில் வளர்வதில்லை. சீந்தில், கட்டுக்கொடி போன்ற கொடிகளின் இலையைத் தின்று வளர்கிறது. வேலியில் படர்ந்த சீந்திலைப் புரட்டிப் பாருங்கள். உடம்பின் பக்கவாட்டில் இரண்டிரண்டு கண் போன்ற புள்ளிகளோடு, தலையைக் கவிழ்த்து வால்பக்கத்தைத் தூக்கி நிற்கும் புழு கண்ணில் பட்டால், அதுதான்.

ஃபலோனியா ஆப்பிரிக்கா முதல் இந்தியா, தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை பரவியிருக்கிறது. பசிபிக் தீவுகளில் அதன் புழு கல்யாண முருங்கை இன மரங்களையும் தின்கிறது. அதைப் படித்துவிட்டு இங்கே கல்யாண முருங்கையை வெட்ட வேண்டாம். நம் பக்கத்தில் சீந்தில் குடும்பத்துக் கொடிகளைத்தான் கவனிக்க வேண்டும். அதற்காகச் சீந்திலைக் கண்ட இடமெல்லாம் பிடுங்குவதும் தவறு, அது நல்ல மூலிகை. தோட்டத்தை ஒட்டி இருப்பதை மட்டும் அகற்றுங்கள்.

என்னைக் கேட்டால், மருந்துச் செலவைக் கவருக்குத் திருப்புங்கள். பழம் நிறம் மாறும் முன்பே கவர் போட்டுக் கட்டினால் பூச்சியால் குத்த முடியாது. உதிர்ந்த பழத்தை அன்றன்றே பொறுக்கிப் புதையுங்கள். அழுகும் வாசனைக்கே பூச்சி தேடி வரும். அப்புறம், முன்னிரவில் வரிசை வரிசையாக நடந்து, பழத்தில் உட்கார்ந்திருப்பதைக் கைவலையால் பிடித்து அழிக்கலாம். சிறிய தோட்டத்துக்கு இதுவே போதும்.