திரையில ஒரு கலர், பேப்பரில ஒரு கலர்: கேட்டதுக்குப் பதில்

கலியாணச் சீசன் தொடங்கினதில இருந்து எல்லாப் பக்கத்தாலயும் ஒரே கேள்விதான் வருது, கொம்பியூட்டரில பாத்த கலர் பிரிண்டில ஏன் வரேல்லை எண்டு. ஸ்ரூடியோ வச்சிருக்கிற ஆக்களும் கேக்கினம், வீட்டில சின்னப் பிரிண்டர் வச்சிருக்கிற பிள்ளையளும் கேக்கினம். கேட்டவையின்ர ஊர்ப் பேரோட, வந்த ஒழுங்கிலயே பதில் போடுறன்.

பரந்தன்: அண்ணை, மொனிற்றரில பளிச்செண்டு இருக்கிற படம் பிரிண்ட் எடுத்தா இருட்டா வருது. பிரிண்டர் பழுதோ?

பிரிண்டரைப் பிறகு பாப்பம் தம்பி, முதல் மொனிற்றரைப் பாருங்கோ. இப்ப வாற மொனிற்றர் கனக்க பெட்டியால எடுக்கேக்கயே 250, 300 நிற்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு) வெளிச்சத்தில எரியும், பிரிண்டுக்கு வேலை செய்யிறதெண்டா 80இல இருந்து 120 காணும். அவ்வளவு வெளிச்சத்தில பாக்கேக்க படம் உங்களுக்கு கூடத் தெளிவாத் தெரியுது, நீங்களும் அதை நம்பி இருட்டான படத்தையே சரியெண்டு விடுறியள், பேப்பருக்கு சொந்தமா வெளிச்சம் இல்லை, அறையில கிடக்கிற வெளிச்சத்தைத்தான் அது திருப்பித் தரும், அப்ப இருட்டாத்தானே தெரியும். அளக்கிற கருவி இல்லாட்டி, திரையில வெறும் வெள்ளைப் பக்கம் ஒண்டைத் திறந்துபோட்டு, பக்கத்தில ஒரு வெள்ளை ஏ4 தாளைப் பிடிச்சு, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு வெள்ளையாத் தெரியுமட்டும் பிரைட்னஸைக் குறையுங்கோ. முதல்ல மங்கலாக் கிடக்கும், கண் பழகிடும்.

கிளிநொச்சி: அண்ணா, பொம்பிளையின்ர ராயல் புளூ சாறி பிரிண்டில ஊதாவா வருது. அவை சண்டைக்கு வருகினம்.

இது நிறையப் பேருக்கு நடக்கிறது தங்கச்சி. திரை சிவப்பு, பச்சை, நீல வெளிச்சத்தாலதான் எல்லாக் கலரையும் காட்டுது, கனக்கப் பிரிண்டருக்கு நீல மை எண்டு ஒண்டு இல்லை, சயனையும் (இளநீல மை) மஜென்டாவையும் (கடும் ரோஸ் மை) கலந்துதான் நீலம் எடுக்கோணும், ஆழமான நீலத்துக்கு மஜென்டா தூக்கலா விழுந்தா ஊதாதான். பிரிண்ட் போடுற லாபிட்ட அவையின்ர பேப்பருக்குரிய ஐசிசி புரொபைலை (அந்தப் பேப்பரில கலர் எப்பிடி விழும் எண்டு சொல்லுற கோப்பு) கேட்டு வாங்குங்கோ, தராட்டி திருப்பிக் கேளுங்கோ, அது உங்கட உரிமை. போட்டோஷொப்பில வியூ, புரூப் செற்றப், கஸ்ரம் எண்டு போய் அதைக் குடுத்தா பேப்பரில எப்பிடி வரும் எண்டு திரையிலயே கிட்டமுட்டப் பாக்கலாம், கொன்ற்ரோல் வை அடிச்சு மாறி மாறிப் பாருங்கோ. பிறகு அந்த நீலத்தை மட்டும் சயன் பக்கம் கொஞ்சம் தள்ளி, சச்சுரேசனை, அதாவது கலரின்ர அடர்த்தியை, குறையுங்கோ. முழுப் படத்தையும் இழுத்தா முகம் கெட்டுப்போகும்.

மாங்குளம்: வீட்டுப் பிரிண்டரில முகமெல்லாம் ரோஸ் அடிக்குது.

முதல் நொசில் செக் (மை வாற துவாரம் அடைச்சிருக்கோ எண்டு பாக்கிற சோதனைப் பிரிண்ட்) எடுங்கோ. மஞ்சள் மை அடைச்சிருந்தாலே முகம் ரோஸாகும், எங்கட வெக்கைக்கும் புழுதிக்கும் கனநாள் சும்மா விட்டா மை காய்ஞ்சிடும், கிழமைக்கு ஒரு படமாவது அடிக்கோணும். நொசில் சரியெண்டா, போட்டோஷொப்பும் கலரை மாத்தி பிரிண்டர் டிரைவரும் (கொம்பியூட்டரில பிரிண்டரை ஓட்டுற மென்பொருள்) திரும்ப மாத்துதோ எண்டு பாருங்கோ, ரெண்டில ஒண்டுதான் மாத்தலாம். பேப்பர் வகையை டிரைவரில சரியாக் குடுங்கோ. மலிவு மை ஊத்தினா கொம்பனி புரொபைல் பொருந்தாது.

புதுக்குடியிருப்பு: அப்பான்ர படம் ஒண்டே ஒண்டுதான் மிஞ்சினது, பாஸ்போட் சைஸ், தண்ணி பட்டு மஞ்சளாக் கிடக்கு. பெருசாக்கக் குடுத்தா முகத்தை வெள்ளையாக்கி வேற ஆள் மாதிரித் தருகினம்.

தங்கச்சி, இப்பிடிப் படம் எங்கட ஊரில எத்தினை வீட்டில இருக்கு, அதால இதை ஆறுதலாச் சொல்லுறன். ஸ்கானரில ஓட்டோ கலரை நிப்பாட்டிப்போட்டு 1200 டிபிஐல (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கான் பண்ணி ரிஃப் (TIFF) கோப்பா சேவ் பண்ணுங்கோ, 35க்கு 45 மில்லிமீற்றர் படம் எண்டா 5க்கு 7 அங்குல பிரிண்டுக்குத் தாராளமாக் காணும், அதுக்கு மேல பெருசாக்க வேண்டாம், முகம் கரைஞ்சிடும். அந்த ஸ்கானில கை வைக்கக்கூடாது, கொப்பியிலதான் வேலை. மஞ்சளை எடுக்கலாம், தண்ணிக் கறையை எடுக்கலாம், தோலை வெளுக்க ஒருத்தரையும் விடாதேங்கோ. பிறகு ஒரே தாளில அவற்ர முகத்தை நாலு விதமா, கொஞ்சம் இருட்டு, கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் சூடான கலர் எண்டு சின்னனா அடிச்சு, பிரேம் மாட்டப்போற சுவரில வச்சு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கோ. அவற்ர நிறம் என்னெண்டு எந்த மெசினுக்கும் தெரியாது, அம்மாவுக்குத் தெரியும். அவ காட்டுறதையே பெருசா அடியுங்கோ.

வவுனியா: பிரிண்டை எந்த லைற்றுக்குக் கீழ பாக்கிறது?

அச்சுத் தொழிலில பாக்கிறது 5000 கெல்வின் (வெளிச்சம் மஞ்சள் பக்கமோ நீலப் பக்கமோ எண்டு அளக்கிற அலகு) வெளிச்சத்தில. சிஆர்ஐ (கலரை எவ்வளவு உண்மையாக் காட்டும் எண்டு சொல்லுற இலக்கம்) 90க்கு மேல உள்ள எல்ஈடி பல்ப் ஒண்டு போடுங்கோ, இல்லாட்டி பகலில யன்னலடியில நேர வெயில் படாம பாருங்கோ. மஞ்சள் பல்புக்குக் கீழ பாத்திட்டு லாபைத் திட்டக்கூடாது.

ஒட்டுசுட்டான்: போனில எடிட் பண்ணி வாட்ஸ்அப்பில கடைக்கு அனுப்புறன், என்னத்தைக் கவனிக்கோணும்?

டிஸ்பிளேயை விவிட்டில இருந்து நச்சுரலுக்கு மாத்துங்கோ, திரையை மஞ்சளாக்கிற நைற் லைற்றை நிப்பாட்டுங்கோ. படத்தை டொக்கியூமென்ராத்தான் அனுப்போணும்.

முல்லைத்தீவு: கலிபிறேற்றர் (திரையின்ர கலரை அளந்து சரிப்படுத்திற கருவி) வாங்கத்தான் வேணுமோ?

காசு வாங்கிப் பிரிண்ட் குடுக்கிற ஆளெண்டா வேணும். விலைதான், அதால மூண்டு நாலு ஸ்ரூடியோ சேந்து ஒண்டு வாங்குங்கோ. மொனிற்றரை அரை மணித்தியாலம் எரிய விட்டுட்டு 6500 கெல்வின், காமா (நடு வெளிச்சத்தை வைக்கிற செற்றிங்) 2.2, 100 நிற்ஸ் எண்டு வச்சு மாசத்துக்கு ஒருக்கா பாத்தாக் காணும். மலிவு லப்டொப்பில திரையைச் சரிச்சாலே கலர் மாறும், அதில இது பெருசா உதவாது.

பரந்தன்: பிரைட்னஸைக் குறைச்சுப் பாத்தன் அண்ணை, இப்ப எவ்வளவோ பரவாயில்லை. லாபுக்கு அடோப் ஆர்ஜிபியில (கூடக் கலர் அடங்கிற கலர் வகை) குடுக்கலாமோ?

அவை கேட்டாலொழிய வேண்டாம். கனக்க மினிலாப் எஸ்ஆர்ஜிபி (சாதாரண திரையளுக்குரிய கலர் வகை) எண்டு நினைச்சுத்தான் படத்தை எடுக்கும், அடோப் ஆர்ஜிபி குடுத்தா கலர் செத்துப்போய் வரும். எஸ்ஆர்ஜிபிக்கு மாத்தி, புரொபைலைச் சேத்து சேவ் பண்ணி, அல்பம் முழுக்கக் குடுக்க முன்னம் ஒரு 4க்கு 6 அங்குலப் பிரிண்ட் அடிச்சுப் பாருங்கோ.