கையைக் கடிக்காத பாறையேற்றம்: டெல்டா மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

டெல்டாவில் ஏறுவதற்குப் பாறை கிடையாது. ஹம்பிக்கும் பாதாமிக்கும் ஏலகிரிக்கும் போய்த்தான் ஏற வேண்டும். அப்படிப் போகிற கல்லூரிப் பிள்ளைகள் கேட்டவற்றிலிருந்து சில கேள்விகள் இங்கே. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஒரே கணக்குதான்: விழும்போது உங்களைத் தாங்குகிற பொருளில் ஒரு ரூபாயும் குறைக்காதீர்கள். மற்ற எல்லாவற்றிலும் தாராளமாகக் குறைக்கலாம்.

அக்கா, கையில் 8,000 ரூபாய் இருக்கிறது. முதலில் எதை வாங்குவது? (தஞ்சாவூர், பி.டெக். இரண்டாம் ஆண்டு)

ஷூ, அதற்கடுத்து கை வேர்வைக்குத் தடவும் சாக் பவுடர். இந்த வருடத்துக்கு அவ்வளவு போதும். பெரிய உருண்டைக் கற்களில் ஏறும் போல்டரிங்குக்கு ரோப்பும் ஹார்னஸும் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை) வேண்டாம். ரோப் ஏற்றத்தைப் பயிற்சியாளரோடு போய்க் கற்றுக்கொள்ளும் காலத்தில் அவர்களே எல்லாம் தருவார்கள்.

ஷூவை மாலையில் போட்டுப் பாருங்கள். பகல் முழுக்க நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும். சாக்ஸ் போடக் கூடாது. விரல்கள் முன்னால் தொட்டு லேசாக மடங்க வேண்டும், வலிக்கக் கூடாது. குதிகாலில் காற்றிடைவெளி இருந்தால் அந்த ஜோடி வேண்டாம். தோல் ஷூ போகப்போக விரியும், சிந்தெடிக் பெரிதாக விரியாது. நீங்கள் செருப்புக்குச் சொல்கிற எண் இதற்குப் பொருந்தாது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் வசதி உள்ளதை மட்டும் வாங்குங்கள். டெகாத்லானின் சீமோண்ட் வகையில் தட்டையான அடி கொண்ட ஆரம்ப ஜோடியே தாராளம். வாழைப்பழம் போல் வளைந்த விலையுயர்ந்த ஷூவால் முதல் இரண்டு வருடம் ஒரு பயனும் இல்லை.

ஆண்டுக்கு நாலைந்து நாள்தான் ஏறப்போகிறீர்கள் என்றால் வாடகை ஷூவே லாபம்.

ஆறே மாதத்தில் ஷூ முனை தேய்ந்துவிட்டது. தெரு முனையில் செருப்பு தைப்பவரிடம் அடி மாற்றலாமா? (திருவாரூர்)

அவர் கைவேலை நன்றாகவே இருக்கும். தடை ரப்பரில்தான். டயர் ரப்பரும் சாதாரண ஸோல் ரப்பரும் கெட்டி, பாறையில் வழுக்கும். ஏறும் ஷூவுக்கென்றே விற்கும் மென்ரப்பர் தகட்டை நீங்கள் வாங்கிக் கொடுத்தால் பேசிப் பார்க்கலாம். இல்லையேல் ஏறும் ஷூவுக்கு அடி மாற்றுபவர்களிடம் கூரியரில் அனுப்புங்கள்.

அனுப்பும் நேரம்தான் காசை முடிவு செய்கிறது. அடி ரப்பர் புதிதில் சுமார் 4 மி.மீ. இருக்கும். பெருவிரல் முனையில் ஒன்றரை மி.மீ.க்கு வந்ததும் கொடுத்துவிட வேண்டும். பக்கவாட்டில் சுற்றி ஒட்டியிருக்கும் ராண்ட் ரப்பரில் ஓட்டை விழுந்தபின் கொடுத்தால் அதையும் சேர்த்து மாற்ற நேரும், செலவு கூடும்.

ஆறு மாதத்தில் தேய்ந்ததற்கு ஷூவைக் குறை சொல்ல மாட்டேன். காலைப் பாறையில் இழுத்து இழுத்து வைத்தால் முனை கரையும். வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, சத்தமே வராமல் ஒரே தடவையில் வையுங்கள். காசே செலவில்லாத சேமிப்பு இது.

இங்கே எப்போதும் வேர்வை. பவுடர் ஒரு நாளில் தீர்ந்துவிடுகிறது. கோலமாவு கலக்கலாமா? (சிதம்பரம்)

வேண்டாம். வேண்டியது மெக்னீசியம் கார்பனேட். கோலமாவு கல்தூள், வழுக்கும். சுண்ணாம்பு தோலை அரிக்கும். கரும்பலகை சாக்பீஸ் வேறு வேதிப்பொருள், அதுவும் உதவாது. பொடியாக வாங்குவதைவிடக் கட்டியாக வாங்கி நீங்களே உடைத்தால் மலிவு. பழைய பருத்தி சாக்ஸில் போட்டு முடிச்சிட்டுப் பைக்குள் வைத்தால் சிந்தாது, கைக்கு அளவாக வரும். பையைத் தையல்காரரிடம் மிச்சத் துணியில் தைத்துக்கொள்ளலாம்.

டெல்டாப் புழுக்கத்துக்குத் திரவ சாக்கை அடியில் பூசி மேலே பொடி தடவுவது நல்லது. 100 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 50 கிராம் பவுடரைச் சிறிது சிறிதாகப் போட்டுக் குலுக்குங்கள், தோசைமாவுப் பதம் வர வேண்டும். 70 சதவீத ஆல்கஹாலில் மீதி தண்ணீர், இங்கே அது காய நேரமாகும். 99 சதவீதம் கேட்டு வாங்குங்கள். தீப்பிடிக்கும் பொருள், விடுதி அறையில் கொசுவத்தி பக்கத்தில் வைக்காதீர்கள்.

நாகப்பட்டினத்தில் படகுக் கயிறு கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கிறது. தடிமனாகவும் இருக்கிறதே? (நாகப்பட்டினம்)

தம்பி, இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். உயிர் போகிற இடம்.

படகுக் கயிற்றில் பெரும்பாலானது பாலிபுரொப்பிலீன். தண்ணீரில் மிதப்பதற்காகச் செய்தது. எடையைத் தாங்கும், ஆனால் விழும் ஆளைத் தாங்காது. மேலே ஏறிப் போகும்போது விழுந்தால், அந்த வேகத்தைக் கயிறு நீண்டு கொடுத்து உறிஞ்ச வேண்டும். நீளாத கயிற்றில் அந்த அடி முழுவதும் இடுப்புக்கும் முதுகுக்கும் கயிற்றைப் பாறையில் மாட்டியிருக்கும் நங்கூரத்துக்கும் போகும். ஈ.என். 892 என்ற ஐரோப்பியத் தரச் சோதனையில் சிங்கிள் ரோப்பில் (ஒற்றையாகவே பயன்படுத்தும் ரோப்) 80 கிலோ எடையைக் கடுமையாக விழ விடுவார்கள். முதல் விழுதலின் அதிர்ச்சி விசை 12 கிலோநியூட்டனை (சுமார் 1,200 கிலோ எடையின் இழுப்பு) தாண்டக் கூடாது, குறைந்தது 5 விழுதல்களைத் தாங்க வேண்டும். அதற்காகவே நைலானில் நீளும்படி பின்னுகிறார்கள்.

இன்னொன்று, பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரியில் உருகும். நைலானுக்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். ஓடும் கயிறு நிற்கும் கயிற்றில் உரசினால் அந்தச் சூடு நொடிகளில் வரும். வெயிலிலும் படகுக் கயிறு சீக்கிரம் நொறுங்கும்.

ஈ.என். 1891 என்று அச்சிட்ட ஸ்டாடிக் ரோப்பும் (அதிகம் நீளாதது) லீட் ஏற்றத்துக்கு, அதாவது ரோப்பைத் தன்னோடு கொண்டு முதல் ஆளாக ஏறுவதற்கு, ஆகாது. அது இறங்கவும் சுமை தூக்கவும். படகுக் கயிறு வீணல்ல, முடிச்சுப் பழக நாலு மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

தென்னைமரம் ஏறுகிறவர்கள் போடும் பெல்ட், கட்டட வேலை ஹார்னஸ், ஹெல்மெட் எல்லாம் வீட்டில் இருக்கின்றன. இவை போதாதா? (பட்டுக்கோட்டை)

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டில் விழுந்தால் வயிற்றிலும் முதுகெலும்பிலும் அடி, தொங்கினால் மூச்சு முட்டும். கட்டட ஹார்னஸ் முதுகுப்பக்கம் மாட்டும்படி, அதிர்ச்சி உறிஞ்சும் பட்டையோடு பயன்படுத்தச் செய்தது. பாறைக்கு ஈ.என். 12277 என்று எழுதிய ஹார்னஸ்தான் வேண்டும். ஹெல்மெட்டில் ஈ.என். 12492 பாருங்கள். ஈ.என். 397 கட்டட ஹெல்மெட்டின் தாடைப்பட்டை, எங்காவது மாட்டினால் கழுத்தை நெரிக்காமலிருக்க, 150 முதல் 250 நியூட்டனில் கழன்றுகொள்ளும். பாறையில் தலைகீழாக விழும்போது அப்படிக் கழன்றால் ஹெல்மெட் இருந்தும் இல்லாத கதை.

சீனியர் பழைய சாமான்களைப் பாதி விலைக்குத் தருகிறார். எதை வாங்கலாம்? (திருச்சி)

ஷூ, பை, க்ராஷ் பேட் (போல்டரிங்கில் கீழே விரிக்கும் மெத்தை), உடை, குழல் வகை பிலே கருவி (கீழே நிற்பவர் ரோப்பைப் பிடித்து நிறுத்த உதவுவது), இவை சரி. ரோப், ஹார்னஸ், ஸ்லிங் (தைத்த பட்டை வளையம்), ஹெல்மெட் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் நைலான் தன் கதையைச் சொல்லாது. பேட்டரி அமிலமோ கழிவறை அமிலமோ பட்ட கயிறு வெளியே புதிது போலவே இருந்து அறுந்திருக்கிறது.

கேரபினர் (கதவுள்ள உலோகக் கொக்கி) இந்த இரண்டுக்கும் நடுவே. நன்றாகத் தெரிந்தவருடையது என்றால் வாங்கலாம். கதவு தானாக முழுவதும் மூடுகிறதா, ரோப் ஓடிய இடத்தில் 1 மி.மீ.க்கு மேல் பள்ளமா, விளிம்பு கூராகிவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். உடம்பில் நீளவாக்கில் 20 கிலோநியூட்டனாவது பொறித்திருக்க வேண்டும். எண்ணே இல்லாதது சாவிக்கொத்துக்கு.

க்ராஷ் பேட் விலை மலைப்பாக இருக்கிறது. நாமே செய்ய முடியுமா? (கும்பகோணம்)

முடியும். எனக்குப் பிடித்த கேள்வி இது, இங்கேதான் நிஜமாகக் காசு மிச்சம்.

100 செ.மீ. அகலம், 130 செ.மீ. நீளம். மேலே 2 செ.மீ. கெட்டி ஃபோம், ஜிம் தரையில் பதிக்கும் ஈவிஏ தகடு போதும். கீழே 8 முதல் 10 செ.மீ. பியு ஃபோம். மெத்தைக் கடையில் 32 அல்லது 40 அடர்த்தி என்று கேட்டால் அளவுக்கு அறுத்துத் தருவார்கள். வரிசையை மாற்றக் கூடாது. மேலுள்ள கெட்டி அடுக்கு விழும் எடையைப் பரப்பும், கீழுள்ள மெத்து அதை உறிஞ்சும். மெத்து மட்டும் போட்டால் குதிகால் நேரே தரையில் இடிக்கும், கணுக்காலும் பிசகும். கெட்டி மட்டும் போட்டால் முழங்கால் வரை அதிரும். தென்னைநார் மெத்தை எதற்கும் உதவாது.

உறைக்கு நெல் காயவைக்கும் மெல்லிய தார்ப்பாய் வேண்டாம், தையல் ஓட்டையிலேயே கிழியும். லாரி தார்ப்பாய் தைப்பவரிடம் கனத்த கான்வாஸில் நைலான் நூலால் இரட்டைத் தையல் போடச் சொல்லுங்கள். அவர்களிடம் பட்டையும் இருக்கும், தோளில் மாட்ட இரண்டு வைக்கச் சொல்லுங்கள். ரெக்ஸினில் தைத்தால் காற்று வெளியேற வழியில்லாமல் ஒரே குதியில் தையல் விட்டுவிடும். எந்தத் துணியானாலும் ஒரு பக்கம் ஒரு சாண் அகலத்துக்கு வலை வைத்தாக வேண்டும். நடுவில் இரண்டாக வெட்டிக் கீல் வைக்காதீர்கள், அந்தச் சந்தில் கால் மாட்டும். முழுத்துண்டாக வைத்து வளைத்துக் கட்டுங்கள், அறையில் விரித்தே வையுங்கள். அதன்மேல் படுத்துத் தூங்கலாம், ரயிலிலும் கைகொடுக்கும்.

முதலில் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து குதித்துப் பாருங்கள். தரை தட்டினால் அடி ஃபோம் போதவில்லை. இரண்டரை மீட்டருக்கு மேல் இதை நம்பி ஏறாதீர்கள், கீழே ஆள் நின்றாக வேண்டும். ஹம்பிக்கு மட்டும் ஒரு தடவை போகிறீர்கள் என்றால் அங்கேயே வாடகைக்கு எடுங்கள்.

நாலு பேர் சேர்ந்து ரோப் செட் வாங்க நினைக்கிறோம். எப்படிப் பிரிப்பது? (மயிலாடுதுறை)

பொதுவில்: 60 மீட்டர் சிங்கிள் ரோப், தடிமன் 9.8 முதல் 10.2 மி.மீ. (மெல்லியது சீக்கிரம் தேயும்), 12 குவிக்டிரா (பட்டையால் இணைத்த இரண்டு கேரபினர்), 120 செ.மீ. ஸ்லிங் இரண்டு, பூட்டும் கேரபினர் நாலு. ஒரு நேரத்தில் ஏறுபவர் ஒருவர், பிடிப்பவர் ஒருவர். ஆகவே காலளவு மாற்றக்கூடிய ஹார்னஸ் இரண்டும் பிலே கருவி இரண்டும் போதும். ஹெல்மெட் மட்டும் நாலு, கீழே நிற்பவர் தலையிலும் கல் விழும்.

ஒரு நோட்டு போடுங்கள். தயாரிப்பு தேதி, யார் எடுத்துப் போனார், பெரிய விழுதல், எங்கே உரசியது, எல்லாம் அதில். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு ரோப்பை அங்குலம் அங்குலமாக விரலில் ஓட்டுங்கள். தட்டையாக நசுங்கும் இடமோ உள்ளிழை தெரியும் இடமோ வந்தால் அந்த ரோப்பின் பயன்பாடு முடிந்தது. நுனிப்பக்கமானால் வெட்டிவிடலாம். ஆனால் வெட்டியபின் நடுக்குறி நடுவில் இருக்காது, நீளமும் 60 இல்லை. புதிய நீளத்தைப் பையிலேயே எழுதுங்கள். இல்லையேல் ஏறியவரைக் கீழே இறக்கும்போது கயிறு போதாமல் நுனி கையைவிட்டு ஓடிவிடும். எப்படியானாலும் நுனியில் ஒரு முடிச்சு போட்டே வையுங்கள்.

படிப்பு முடிந்து போகிறவருக்கு உலோகச் சாமான்களின் பங்கில் பாதியைத் திருப்பித் தரலாம். துணிச்சாமானுக்குப் பணம் கேட்பது நியாயமில்லை, அது தீர்ந்துபோகும் பொருள்.

விடுதியில் விரலுக்குப் பயிற்சி? சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். (தஞ்சாவூர்)

தச்சுப்பட்டறையில் தேக்கு அல்லது பூவரசுத் துண்டு கேளுங்கள், 15 செ.மீ. நீளம் போதும். தென்னை வேண்டாம், சிராய் குத்தும். 20 மி.மீ. ஆழத்தில் படி வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் உருட்டுங்கள், வார்னிஷ் பூசாதீர்கள். துளையிட்டுக் கயிறு கோத்து 20 லிட்டர் தண்ணீர் கேனில் கட்டுங்கள். பாதித் தண்ணீரில் ஆரம்பித்து, படியை விரல்களால் பிடித்து 10 நொடி தூக்கி, 2 நிமிடம் ஓய்வு, கைக்கு ஐந்து தடவை, வாரம் இரண்டு நாள். விரல் மடக்கும் இடத்தில் வலித்தால் நிறுத்துங்கள்.

பக்கத்திலேயே மலைக்கோட்டை இருக்கிறதே? (திருச்சி)

கோயிலும் குடைவரையும் உள்ள பாதுகாக்கப்பட்ட இடம். சித்தன்னவாசலும் அப்படியே. ஏறக் கூடாது.

மகளுக்கு முறையாகக் கற்றுக்கொள்ள ஆசை. செலவு தாங்குமா, மேடம்? (மன்னார்குடி, பெற்றோர்)

கல்லூரியில் என்சிசி இருந்தால் முதலில் அங்கே கேளுங்கள், கேடட்டுகளுக்குப் பாறையேற்ற முகாம்களும் மலையேற்றப் பயிற்சிகளும் உண்டு. அடுத்தது டார்ஜிலிங்கில் 1954-இல் தொடங்கிய இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965-இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய ஒரு மாதம், தொழில்நுட்பச் சாமான்களை அவர்களே தருகிறார்கள். இடம் சீக்கிரம் நிரம்பும், கல்லூரி விடுமுறைக்கு மாதங்கள் முன்பே விண்ணப்பியுங்கள். உடல்தகுதிச் சான்றும் கேட்பார்கள். அவள் போய்வரும் வரை ஹார்னஸோ ரோப்போ வாங்கித் தராதீர்கள். எது தேவை என்பதை வந்தபின் அவளே சரியாகச் சொல்வாள்.