குண்டு போடாதவரின் குற்ற உணர்ச்சி

கேள்வி: ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட விமானிக்குப் பிற்காலத்தில் புத்தி பேதலித்துவிட்டதாகப் பள்ளியில் வாத்தியார் சொன்னார். உண்மையா? (வாசகர், தேனி)

பதில்: இல்லை. எனோலா கே விமானத்தை ஓட்டிய பால் டிபெட்ஸ், செய்தது சரிதான் என்று கடைசிவரை சொல்லிவிட்டு 2007-ல், 92 வயதில் காலமானார். உங்கள் வாத்தியார் சொன்னது கிளாட் ஈதர்லியைப் பற்றியதாக இருக்கும். 1945 ஆகஸ்ட் 6 காலையில், குண்டு விழுவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்னால் ஹிரோஷிமாவுக்கு மேலே பறந்து, மேகம் அதிகமில்லை, இங்கேயே போடலாம் என்று தகவல் அனுப்பிய வானிலை விமானத்தின் விமானி அவர். அவர் செய்தது அவ்வளவுதான். வானம் மூடியிருந்தால் அன்றைக்குக் குண்டு கோகுரா நகரத்திலோ நாகசாகியிலோ விழுந்திருக்கும்.

1947-ல் ராணுவத்தை விட்டு வந்தவர் அப்புறம் நிலைகொள்ளவே இல்லை. மோசடி செக், திருட்டு, கைது, டெக்சஸில் வேக்கோ ஊரிலிருந்த முன்னாள் படைவீரர் மருத்துவமனையில் மனநல சிகிச்சை. 1959-ல் குந்தர் ஆண்டர்ஸ் என்ற தத்துவவாதி அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். நீங்கள் நோயாளி இல்லை, இப்படி ஒன்றைச் செய்த மனிதன் கலங்காமல் இருந்தால்தான் கோளாறு என்பது அவர் கட்சி. அதே வருடம் ஹிரோஷிமாவில் காயப்பட்ட இளம்பெண்களும், உங்கள்மேல் வெறுப்பில்லை, நீங்களும் எங்களைப்போல இந்தப் போருக்குப் பலியானவர்தான் என்று எழுதினார்கள். எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுவது அந்தக் கடிதம்தான்.

இதெல்லாம் ஊதிப் பெருக்கிய கதை என்று 1964-ல் ஓர் அமெரிக்க எழுத்தாளர் வாதாடினார். திருட்டுக்கெல்லாம் ஹிரோஷிமாதான் காரணம் என்று நானும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும், வானிலை மட்டும்தானே சொன்னேன் என்று ஒதுங்கிக்கொள்ள எல்லா வழியும் இருந்தும் ஒதுங்காத ஒருவரைப் பைத்தியம் என்று முடித்துவிட என்னால் முடியவில்லை.

கேள்வி: சரி, எனோலா கேயில் இருந்த யாருமே கலங்கவில்லையா? (இன்னொரு வாசகர், கடலூர்)

பதில்: துணை விமானி ராபர்ட் லூயிஸ் கலங்கினார். 1955-ல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், குண்டுவீச்சில் உயிர் தப்பிய பாதிரியார் கியோஷி தனிமோட்டோவுக்கு முன்னால் அவரை முன்னறிவிப்பே இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பாதிரியாருக்குச் செய்த கொடுமை அது. லூயிஸ் நெற்றியைத் தேய்த்தபடி, கடவுளே, என்ன செய்துவிட்டோம் என்று அன்று குறிப்பேட்டில் எழுதியதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார். தீக்காயங்களுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள அந்த மாதம்தான் ஹிரோஷிமாவிலிருந்து 25 பெண்கள் அமெரிக்கா வந்திருந்தார்கள். அவர்களுக்கான நிதிக்கு முதல் பணத்தை அந்த மேடையிலேயே லூயிஸ் கொடுத்தார்.